தேரிக்காட்டுக்குப் போகும் வழியில் பார்க்க வேண்டிய அருங்காட்சியகங்கள்

அரையாண்டு விடுமுறை நெருங்கினால் எங்கள் சங்கரன்கோவில் மஹல்லாவில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "ஹஜ்ரத், இந்தத் தடவை பிள்ளைகளை எங்கே கூட்டிட்டுப் போகலாம்?" குற்றாலம் பக்கத்திலேயே இருப்பதால் அதை யாரும் பயணமாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, வளைகுடாவில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் தன் குடும்பத்தை துபாய் பாலைவனத்துக்கு அழைத்துப்போன படங்களைக் காட்டினார். சிவந்த மணல் மேடுகள், காற்று வரைந்த கோடுகள், அதன் நடுவே பிள்ளைகள். "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு. இதே மாதிரி செக்கச் சிவந்த மணல் நம்ம ஊரிலிருந்து மூணு மணி நேரத்தில் இருக்குதே, அதைப் பார்த்தாச்சா?" என்று கேட்டேன். அவர் நான் விளையாடுவதாக நினைத்துக்கொண்டார்.

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டைத்தான் சொன்னேன். சினிமாப் படப்பிடிப்புகளில் அடிக்கடி வருவதால் நிறைய பேர் கண்ணால் கண்டிருப்பார்கள். எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. திருச்செந்தூருக்குப் பக்கத்தில் காயாமொழி, குதிரைமொழி வட்டாரத்தில் பல ஆயிரம் ஏக்கருக்கு அது விரிந்து கிடக்கிறது. அதற்குப் போகும் வழியிலேயே நாட்டின் முக்கியமான அகழாய்வு இடங்களும் அவற்றுக்கான அருங்காட்சியகங்களும் வரிசையாக இருக்கின்றன. ஆக மணலை மட்டும் பார்த்து, படம் எடுத்து, பதநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் பாதிப் பயணம்தான் முடிந்திருக்கும். கூடங்களை முதலில் பார்த்து, மணலைக் கடைசியில் பாருங்கள். சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவிலிருந்து நான்கைந்து குடும்பங்கள் ஒரு வேனில் அப்படித்தான் போனோம்.

முதலில் இது என்ன மணல் என்பதைச் சொல்லிவிடுகிறேன். குர்ஆனில் 46-ஆவது அத்தியாயத்தின் பெயர் 'அல்அஹ்காஃப்'. காற்றால் வளைந்து வளைந்து குவிந்த மணல் மேடுகள் என்பது அதன் பொருள். ஆது சமூகத்தார் வாழ்ந்த நிலத்தைக் குறிக்க வந்த சொல். மதரஸாவில் ஓதிய காலத்தில் உஸ்தாத் இந்தச் சொல்லை விளக்கியபோது எனக்கு மனதில் எந்த உருவமும் வரவில்லை. பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்து, பாடத்துக்காக ஒரு தடவை தேரிக்குப் போய் நின்றபோதுதான் அந்தச் சொல் கண்முன் கிடந்தது.

தேரி உண்மையான பாலைவனம் அல்ல. ஜெய்சல்மேரில் ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடக் கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்திலோ சராசரியாக 600 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆனால் பெய்த தண்ணீர் மேலே தங்காமல் மணல் வழியாக இறங்கிவிடுகிறது. மேலே வறட்சி, அடியில் ஈரம். அதனால்தான் அங்கே பனையும் உடையும் கொல்லாமரமும் நிற்கின்றன. உடன்குடிக் கருப்பட்டிக்கு இத்தனை பெயர் வந்ததும் அந்தப் பனைகளால்தான். ஒவ்வொரு மணலின் மேலும் இரும்புத் துரு படிந்திருப்பதால்தான் இந்தச் செம்மை. இந்த மணல் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். மேற்கேயுள்ள செம்மண் காடுகளிலிருந்து காற்று அள்ளி வந்தது என்பது ஒன்று. உலகம் குளிர்ந்திருந்த காலத்தில் கடல் உள்வாங்கிக் கிடந்தபோது வெளியே தெரிந்த கடலடி மணல் என்பது இன்னொன்று. இரண்டிலும் வேலை செய்தது காற்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக ஆனி, ஆடியில் பாய்ந்து வருகிறதே, அந்தக் காற்று. நம் பகுதியிலும் கயத்தாறிலும் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே தென்மேற்குக் காற்று கிழக்கே போய் மணலைக் குவித்தும் கலைத்தும் விளையாடுகிறது. வேனில் போகும்போது காற்றாலைகளைக் காட்டி இதைச் சொன்னதும் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

வழியில் முதல் நிறுத்தம் திருநெல்வேலி. ரெட்டியார்பட்டி மலையடிவாரத்தில் தமிழக அரசு கட்டியிருக்கும் பொருநை அருங்காட்சியகம் இருக்கிறது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை, துலுக்கர்பட்டி என்று அகழாய்வு நடந்த இடங்களுக்குத் தனித்தனிக் கூடங்கள். இதில் துலுக்கர்பட்டி என்ற பெயரைப் பார்த்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் கேட்டுவிட்டான்: "ஹஜ்ரத், அப்பவே நம்ம ஆளுங்க இருந்தாங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. நம்பியாற்றங்கரையில் உள்ள அந்த ஊருக்கு அப்பெயர் பிற்காலத்தில் வந்தது. 2022-இல் அங்கே தோண்டத் தொடங்கியபோது கிடைத்தவை இஸ்லாம் இந்தக் கரைக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்தியவை. 'புலி' என்று தமிழி எழுத்தில் கீறிய பானை ஓடும் அவற்றில் ஒன்று. ஊரின் பெயருக்கு ஒரு வயது, மண்ணுக்கு இன்னொரு வயது. இதை ஒரு பிள்ளைக்குப் புரியவைத்துவிட்டால் வரலாற்றில் பாதியைச் சொல்லிக் கொடுத்தாயிற்று.

சிவகளைக் கூடத்தில் அவசரப்படாதீர்கள். அங்கே ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியைச் சோதித்ததில் கி.மு. 1155 என்று காலம் வந்ததை 2021-இல் அறிவித்தார்கள். இரும்புப் பொருட்களோடு கிடைத்த மாதிரிகள் கி.மு. 3345 வரை போகின்றன என்று 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கை சொன்னது. இது உலகத்து அறிஞர்கள் இன்னும் அலசிக்கொண்டிருக்கும் முடிவு. கூட்டத்தில் கை தட்டுவதற்கான செய்தியாக மட்டும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 'அல்ஹதீத்', அதாவது இரும்பு, என்ற பெயரிலேயே நமக்கு ஓர் அத்தியாயம் உண்டு. தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பு இளக்கிக் கொடுக்கப்பட்டதை ஓதுகிறோம். மண்ணை உருக்கி இரும்பெடுக்க எவ்வளவு விறகு, எவ்வளவு சூடு, எத்தனை பேர் உழைப்பு வேண்டும் என்று அந்தத் துருப்பிடித்த துண்டுகளுக்கு முன்னால் நின்று யோசிக்கும்போது ஓதுவதன் கனம் கூடுகிறது.

அங்கிருந்து திருச்செந்தூர் சாலையில் கிழக்கே அரை மணி நேரம் போனால் ஆதிச்சநல்லூர். தாமிரபரணிக் கரையில் 'பரம்பு' என்று ஊரார் சொல்லும் 114 ஏக்கர் மேட்டு நிலம். 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி, எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்கள், வெண்கலத்தில் எருமையும் சேவலும், இரும்பு வாள், ஈட்டி, மண்வெட்டி என்று ஏராளமாகக் கிடைத்தன. அவையெல்லாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004, 2005-இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது 150-க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிவந்தன. இப்படி எடுத்ததெல்லாம் வெளியூர் போய், ஊரில் வெறும் மேடு மட்டும் மிஞ்சியிருந்த நிலை பல காலம். 2020 மத்திய பட்ஜெட்டில் அருங்காட்சியகம் அமைக்க ஐந்து தொல்லியல் இடங்களைச் சொன்னார்கள். கட்ச் பாலையிலுள்ள தோலாவீரா அதில் ஒன்று, ஆதிச்சநல்லூர் இன்னொன்று. 2023 ஆகஸ்டில் இங்கே தோண்டிய குழியிலேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. காலுக்குக் கீழே கண்ணாடித் தளம். அதற்குக் கீழே தாழிகள், மண்ணில் எப்படி இருந்தனவோ அப்படியே.

இங்கேதான் எங்கள் கூட்டத்தில் ஒரு பெரியம்மா தயங்கி வெளியே நின்றுவிட்டார். "ஹஜ்ரத், இது கப்ர் இல்லையா? அதும் யார் யாரோ கப்ரு. இதை வேடிக்கை பார்க்கலாமா?"

இந்தக் கேள்வியைக் கேலி செய்யக் கூடாது. தபூக் போகும் வழியில் ஸமூது கூட்டத்தாரின் ஹிஜ்ர் பகுதியைக் கடந்தபோது, அழுதவர்களாகவே தவிர அங்கே நுழையாதீர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் அந்த அம்மாவின் நெஞ்சில் இருக்கிறது. இப்போது உம்ரா போகிறவர்கள் சிலர் அல்உலாவுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பதும் இதனால்தான். ஆனால் ஹிஜ்ர், அல்லாஹ்வின் தண்டனை இறங்கியதாக நமக்கு அறிவிக்கப்பட்ட இடம். ஆதிச்சநல்லூர் அப்படிப்பட்டதல்ல. இங்கே உறங்குகிறவர்கள் உழுதும் நெய்தும் இரும்படித்தும் வாழ்ந்து, வயதாகியும் நோய்வந்தும் இறந்தவர்கள். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. மறுமையை நினைவூட்டும் என்பதற்காகக் கப்ருகளைப் பார்க்க அனுமதியும் இருக்கிறது. வேடிக்கையாகப் பார்க்காமல், சத்தம் போடாமல், தாழிக்கு முன்னால் சிரித்துச் செல்ஃபி எடுக்காமல் பார்த்தால் தவறென்று எனக்குத் தோன்றவில்லை. இதைத்தான் அந்த அம்மாவிடம் சொன்னேன். உள்ளே வந்தார்.

அவருக்கு நான் காட்டிய ஒரு விஷயத்தை உங்களுக்கும் சொல்கிறேன். ஆற்றங்கரையிலேயே இவ்வளவு நல்ல வயல் இருக்க, அந்த மக்கள் இறந்தவர்களைப் புதைக்கத் தேர்ந்தெடுத்தது விளைச்சலுக்கு உதவாத பாறை மேடு. விளைநிலத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். தாழிக்குள் நெல்லும் சிறுதானியமும் துணியும் வைத்தார்கள். "நம்ம மையவாடியும் ஊருக்கு வெளியே மேட்டிலேதானே இருக்குது" என்றார் அந்த அம்மா.

ஆதிச்சநல்லூரிலிருந்து கடலை நோக்கிப் போகும்போது பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவையுங்கள். பாண்டியர் துறைமுகமான கொற்கை, முத்துக் குவித்த கொற்கை, இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தை மூடிவிட்டது. கடல் விலக விலகத் துறைமுகமும் அதைத் துரத்திக்கொண்டு போயிற்று. அப்படி வந்ததுதான் காயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்த காயல். ஹுர்முஸ், கீஷ், ஏடன் பக்கமிருந்து அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக இறங்கிய காயல். இந்த ஊர்க்காரர்களுக்குக் குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, சோறும் இறைச்சியும் போட்டே சாகடிக்கிறார்கள், அதனால்தான் ஆண்டுதோறும் புதிதாக வாங்குகிறார்கள் என்று போலோ குறை எழுதி வைத்திருக்கிறார். தேரி ஓரத்தில் குதிரைமொழி என்று ஓர் ஊர் இருப்பதைப் பார்த்தால் மனம் உடனே முடிச்சுப் போடப் பார்க்கும். அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. பிள்ளைகளிடம் அதை வரலாறாகச் சொல்லிவிடாதீர்கள்.

லுஹரும் மதியச் சாப்பாடும் காயல்பட்டினத்தில் வைத்துக்கொண்டோம். பயணத் தூரம் ஏறத்தாழ 80 கிலோமீட்டரைத் தாண்டிவிடுவதால் கஸ்ரு உண்டு. காயல்பட்டினத்தார் ஷாஃபிஈ மத்ஹபினர். எங்கள் ஊர் ஹனஃபி. வேனில் இரண்டு மத்ஹபும் இருந்தால், லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுகிறவர்கள் சேர்த்துத் தொழட்டும், மற்றவர்களுக்காக அஸருக்கு ஒரு தடவை வண்டியை நிறுத்துங்கள். இதற்காகச் சண்டை வேண்டாம்.

அந்த ஊரின் பழைய பள்ளிவாசல்களின் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோதுதான் காலையிலிருந்து மனதில் ஏதோ குறைந்தது என்னவென்று தெளிந்தது. தாழி பார்த்தோம், இரும்பு பார்த்தோம், கொற்கை பார்த்தோம். அதற்கு அடுத்த காலம், அரபுக் கடலும் தமிழ்க் கரையும் சேர்ந்த காலம், நான் பார்த்த எந்தக் கூடத்திலும் ஓர் அலமாரி அளவுக்குக்கூட இல்லை. பழையகாயலில் சீனத்துப் பாண்டங்களின் உடைந்த துண்டுகள் தரையெங்கும் சிதறிக் கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் எழுதியிருக்கிறார். அந்தத் துண்டுகள் எங்கே?

அரசைக் குறை சொல்வது சுலபம். ஆனால் நம் வீட்டுக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். மண்ணுக்கு அடியில் கிடப்பதை அரசு தோண்டும். பெட்டிக்குள் கிடப்பதை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அர்வி என்றும் அரபுத் தமிழ் என்றும் சொல்வோம். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்தில் சில புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்துகளையே உண்டாக்கிக்கொண்டார்கள். மார்க்கச் சட்டம் மட்டுமல்ல, வைத்தியம், கடிதம், வியாபாரக் கணக்கு எல்லாம் அதில் உண்டு. இன்று வீட்டில் அதை வாசிக்க ஆளில்லை. பழைய பெட்டியைத் திறக்கிறார்கள், செல்லரித்த தாளில் அரபு எழுத்து தெரிகிறது, குர்ஆன் ஏடு என்று நினைத்துக்கொள்கிறார்கள். காலில் மிதிபடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் ஆற்றில் விடுகிறார்கள், அல்லது மையவாடியில் புதைக்கிறார்கள். அவமதித்து அழிந்ததைவிட, மரியாதை செய்து அழிந்தது அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

என் நன்னாவுடைய கிதாபுகள் அப்படித்தான் போயின. வீட்டைப் புதுப்பித்தபோது ஒரு சாக்கு நிறையக் கட்டிக் கிணற்றில் இறக்கினார்கள். இறக்கியவர்களில் பதினாறு வயது ஓதும் பிள்ளையாக நானும் ஒருவன். ஒரு தாளையாவது வாசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சரி, தேரிக்கு வருவோம். வெயில் சாய்ந்த பிறகுதான் போக வேண்டும். நடுப்பகலில் அந்த மணலில் கால் வைக்க முடியாது. வனத்துறைப் பகுதி என்பதால் பாதையைவிட்டு வெகுதூரம் உள்ளே போகாதீர்கள். நாலு மேடு தாண்டினால் எல்லாத் திசையும் ஒரே மாதிரி இருக்கும், பழகியவர்களே வழி தவறுவார்கள். இன்னொன்று, கீழே கிடக்கும் சின்னக் கற்களைப் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். பளிங்குக் கல்லையும் தீக்கல்லையும் விரல் நகம் அளவுக்குச் செதுக்கிக் கருவி செய்த வேட்டை மக்கள் இந்தத் தேரிகளில் வாழ்ந்திருக்கிறார்கள். இராபர்ட் புரூஸ் ஃபூட் முதலில் இதைக் கவனித்தார். பிறகு சாயர்புரம் போன்ற இடங்களில் கிடைத்த கருவிகளை ஆராய்ந்து ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956-இல் எழுதினார்கள். ஆதிச்சநல்லூர்த் தாழிகளே இவற்றுக்கு முன்னால் பேரப்பிள்ளைகள். கருவி கிடந்த இடமும் ஆழமும்தான் அதன் வயதைச் சொல்லும்; உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

பின்னொரு நாள் சென்னைக்குப் போக நேர்ந்தால், 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். ரீ எடுத்தவை அங்கே இருக்கின்றன. ஃபூட் தான் வாழ்நாளெல்லாம் சேகரித்ததை 1904-இல் அந்த அருங்காட்சியகத்துக்குத்தான் கொடுத்தார். வெள்ளிக்கிழமை விடுமுறை, நினைவிருக்கட்டும். மண்ணைப் பார்த்துவிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கும் பிள்ளை, முன்னே போகும் கூட்டத்தோடு ஓடாது. எங்கள் வேனில் வந்த ஒரு பெண்பிள்ளை எழும்பூர் போய்வந்து என்னிடம் சொன்னாள்: "அந்தச் சேவல் ரொம்பச் சின்னது ஹஜ்ரத். நான் பெருசா இருக்கும்னு நினைச்சிருந்தேன்."

ஆதிச்சநல்லூரில் தயங்கி நின்ற பெரியம்மா, ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்து ஆளனுப்பினார். பரணில் அவருடைய வாப்பும்மா காலத்துத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. வரும் பராஅத்துக்கு வீடு வெள்ளையடிக்கும்போது அதை மையவாடியில் புதைப்பதாக வைத்திருந்தார்களாம். திறந்தோம். மேலே ஒரு பழைய யாஸீன் கிதாபு, தைத்த நூல் விட்டுப்போயிருந்தது. அதற்கு அடியில் நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டு, அரபு எழுத்து. எழுத்துக் கூட்டி வாசித்தேன். கருப்பட்டி இத்தனை சிப்பம், வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு. அடுத்த பக்கத்தில் பிள்ளைக்குச் சளிக்குக் கொடுக்க வேண்டிய கஷாயம்.

ஒவ்வொரு பக்கத்தையும் அவருடைய பேரன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறான். பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், புழுங்கிவிடும், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பாதி நோட்டு மீதி இருக்கிறது.